உப்புக் காற்றும் இருண்ட திரையும்

மரக்காணத்தில் மழைக்காலம் என்பது உப்பளத் தொழிலாளர்களுக்குக் கையில் வேலையில்லாத காலம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகளில் நன்னீர் நிறைந்துவிடும். மீண்டும் உப்பு வாருவதற்குத் தை பிறக்கவேண்டும். அந்த இடைவெளியைக் கடக்கத் தமிழக அரசு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கிவருகிறது. அந்தத் தொகையின் அருமை, அதைப் பெறுவோருக்குத்தான் தெரியும்.

அப்படியொரு மழை நாளில், உப்பளத்தில் வேலைபார்க்கும் பெண்மணி ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். நான் அரசுப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். அவருடைய மகள் என் மாணவி. "சார், கம்ப்யூட்டரு ஓடுது; படம்தான் வரல. கடையில காட்டுனா போர்டே போயிடுச்சு, ஆறாயிரம் ஆகும்னு சொல்றாங்க" என்றார். மகளின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இன்னும் நான்கு நாள்களே இருந்தன. அரசு தந்த நிவாரணத்தைவிடப் பழுதுக்கூலி ஆயிரம் ரூபாய் அதிகம்.

பழைய விலைக்கு வாங்கிய மேசைக்கணினி அது. பொத்தானை அழுத்தினால் விசிறி சுழன்றது. 'பீப்' என்ற ஒலி விட்டுவிட்டுக் கேட்டது. திரை மட்டும் இருண்டே கிடந்தது. மின்சாரத்தைத் துண்டித்துப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நினைவகத் தகட்டின், அதாவது ரேம் எனப்படும் பாகத்தின், பொன்னிற விளிம்பில் வெண்மையாக ஒரு படலம். பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, துகளைத் தூரிகையால் தட்டிவிட்டு, தகட்டை மீண்டும் பொருத்தியதும் திரையில் படம் வந்தது. செலவு ஏதுமில்லை.

அந்தக் கடைக்காரர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு பாகமாகச் சோதிப்பதற்கு நேரமாகும். தாய்ப்பலகையை மாற்றிவிடுவது எளிது. ஆனால், எந்தப் பழுது சிறியது, எது பெரியது என்று வீட்டில் இருப்பவரே ஓரளவு அறிந்திருந்தால், இந்த மழைக்காலத்தில் எத்தனையோ குடும்பங்களின் பணம் மிஞ்சும். அதற்கான சில அடிப்படைகளை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

கடலோரத்தின் தனிப் பகை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே, 3,000 ஏக்கருக்கும் மேல் விரிந்து கிடக்கிறது மரக்காணம் உப்பளம். இங்கு உப்பு பாத்தியில் மட்டும் இருப்பதில்லை, காற்றிலும் இருக்கிறது. அலை உடையும்போது வெடிக்கும் குமிழ்கள் நுண்துளிகளாகக் காற்றில் ஏறுகின்றன. நீர் உலர்ந்ததும் எஞ்சும் உப்புத்துகள் சன்னல் வழியே வந்து, கணினியின் விசிறி இழுக்கும் காற்றோடு உள்ளே படிகிறது.

உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது, சோடியம் குளோரைடு காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைசலாக மாறுகிறது. அந்தக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீர்த்துவிடும். கழுவாத உப்பு மூட்டை விரைவில் கசிவது ஏன் என்று உப்பளத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கணினிக்குள் நடப்பதும் அதுவேதான்.

இதிலிருந்து ஓர் எளிய அடையாளம் கிடைக்கிறது. விடியற்காலையில் வேலைசெய்யாத கணினி, வெயில் ஏறிய நண்பகலில் தானாகவே வேலைசெய்கிறது என்றால், ஐயப்படவேண்டியது ஈரத்தையும் தொடுமுனைகளில் படிந்த உப்பையுமே. அத்தகைய கணினிக்கு முதலில் வேண்டியது தூய்மை, புதிய பாகமன்று.

தடுப்பு முறைகளும் எளியவையே. கடலை நோக்கிய சன்னலின் அருகில் கணினியை வைக்கக்கூடாது. மழைக்காலத்தில் வேலையில்லாவிட்டாலும் நாள்தோறும் அரை மணி நேரம் அதை இயக்கலாம். உள்ளே எழும் வெப்பம் ஈரத்தை விரட்டும். நன்றாக ஆறிய பிறகே உறையிட்டு மூடவேண்டும். மடிக்கணினிப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டுவைக்கலாம். திரையை உலர்துணியால் அழுத்தித் துடைத்தால் உப்புப் படிகங்கள் கீறிவிடும். முதலில் மென்தூரிகையால் தட்டிவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் இலேசாக நனைத்த மென்துணியால் துடைப்பதே முறை. நீரைத் திரைமீது நேரடியாகத் தெளிக்கக்கூடாது.

திரை இருண்டால் கேட்கவேண்டிய கேள்விகள்

உப்பு விளையாவிட்டால் உப்பளக்காரர் எல்லாப் பாத்திகளையும் வெட்டி எறிவதில்லை. நீர் வரும் வாய்க்காலில் தொடங்கி, ஒவ்வொரு பாத்தியாக நீரின் அடர்த்தியைப் பார்த்து, எங்கே தடைப்பட்டது என்று கண்டறிகிறார். கணினிக்கும் அதே வரிசைதான்: மின்சாரம், கம்பி, அமைப்பு, மென்பொருள், இறுதியாக வன்பொருள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்கவேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால், எது குணமாக்கியது என்று தெரியாமலே போய்விடும்.

திரையில் 'சிக்னல் இல்லை' என்ற அறிவிப்பு தோன்றுகிறதா? அப்படியானால் திரை நலமாக இருக்கிறது; கம்பியிலோ கணினியிலோதான் கோளாறு. கம்பியைக் கழற்றி மீண்டும் பொருத்துங்கள். திரையின் உள்ளீட்டுத் தேர்வு, கம்பி செருகப்பட்டுள்ள துளைக்கு உரியதுதானா என்று பாருங்கள். எச்.டி.எம்.ஐ. கம்பியைச் செருகிவிட்டு வி.ஜி.ஏ. தேர்வில் விட்டிருந்தால் படம் வராது.

நிறம் மாறித் தெரிகிறதா? 1987இல் அறிமுகமான வி.ஜி.ஏ. இணைப்பில் 15 ஊசிகள் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி ஊசிகளில் வருகின்றன. வெள்ளைப் பரப்பு மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் வரவில்லை. கருஞ்சிவப்பாகத் தெரிந்தால் பச்சை வரவில்லை. நீலப்பச்சையாகத் தெரிந்தால் சிவப்பு வரவில்லை. வளைந்த ஊசியோ உப்பேறிய முனையோதான் பெரும்பாலும் காரணம். எச்.டி.எம்.ஐ. இணைப்பிலும் மடிக்கணினியிலும் திரை மஞ்சளடித்தால், கண் கூசாமலிருக்க விண்டோஸ் தரும் 'நைட் லைட்' வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள்.

மடிக்கணினி ஓடும் ஓசை கேட்கிறது. திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது. இருட்டறையில் கைவிளக்கைச் சாய்வாகத் திரைமீது அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னொளிதான் போயிருக்கிறது. அடுத்து, வீட்டுத் தொலைக்காட்சியுடன் எச்.டி.எம்.ஐ. கம்பியால் இணைத்து, விண்டோஸ் விசையையும் 'பி' எழுத்தையும் ஒருசேர அழுத்திக் காட்சியை மாற்றுங்கள். தொலைக்காட்சியில் படம் வந்துவிட்டால் தாய்ப்பலகை உயிரோடு இருக்கிறது. 'போர்டு போயிடுச்சு' என்ற சொல்லுக்கு எதிராக வீட்டிலேயே செய்யக்கூடிய வலுவான சோதனை இதுவே.

திரையில் கோடுகள் விழுந்தால், அக்காட்சியைத் திரைப்பிடிப்பாகச் சேமித்துக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். படத்தில் கோடு இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் திரைப்பலகத்திலோ அதன் கம்பியிலோ இருக்கும். படத்திலும் கோடு இருந்தால் காட்சிக்கான இயக்கி மென்பொருளைப் புதுப்பித்துப் பார்க்கவேண்டும். திரை திடீரென உறைந்து கறுத்தால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், 'பி' ஆகிய நான்கையும் ஒன்றாக அழுத்தலாம். காட்சி இயக்கி மட்டும் மறுதொடக்கம் பெறும். திறந்திருக்கும் கோப்புகள் மூடப்படமாட்டா.

இன்னும் சில, பழுதே அல்ல. திரை முழுவதும் சாம்பல் நிறமானால் விண்டோஸ், கன்ட்ரோல், 'சி' விசைகள் தவறுதலாக அழுந்தி வண்ண வடிகட்டி இயங்கியிருக்கலாம். அதே விசைகளை மீண்டும் அழுத்திப் பாருங்கள். படம் தலைகீழானால் காட்சி அமைப்பில் திசையை மாற்றினால் போதும். எழுத்து சிறுத்துவிட்டால் அளவீட்டை 125 சதவீதமாக்கலாம். இவற்றுக்காகக் கணினியைச் சுமந்துகொண்டு திண்டிவனத்துக்குப் பேருந்து ஏறியவர்களை நான் அறிவேன்.

தேதி பிழைத்தால் இணையம் திறக்காது

மாணவியின் கணினியில் படம் வந்த பிறகும் சிக்கல் தீரவில்லை. உதவித்தொகைத் தளத்தைத் திறந்தால், இணைப்பு பாதுகாப்பானதன்று என்று உலாவி எச்சரித்தது. திரையின் மூலையில் பார்த்தேன். தேதி 2009 சனவரி 1 என்றிருந்தது. ஒவ்வோர் இணையதளமும் தன் உண்மைத்தன்மைக்கு ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. அச்சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் நாள்காட்டி பிந்திவிட்டால், இன்னும் தொடங்காத சான்றிதழாக அது தோன்றுகிறது. உலாவி கதவை மூடிவிடுகிறது.

தாய்ப்பலகையில் உள்ள சி.ஆர்.2032 என்னும் காசு வடிவ மின்கலந்தான், மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தைக் காக்கிறது. 20 மில்லிமீட்டர் விட்டமும் 3 வோல்ட் அழுத்தமும் கொண்ட அது, கைக்கடிகாரக் கடைகளில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை மாற்றித் தேதியைத் திருத்தியதும் தளம் திறந்தது. ஒவ்வொரு முறையும் தேதி பின்னோக்கி ஓடும் கணினிக்கு இதுவே மருந்து. தேதி சரியாக இருந்தும் வங்கித் தளத்திலோ அரசுத் தளத்திலோ அந்த எச்சரிக்கை வந்தால், அதைப் புறக்கணித்து உள்ளே செல்லக்கூடாது.

மென்பொருள் தடுமாறினால்

கணினி மெதுவாக ஓடினால் 'அணைத்துப் போடுங்கள்' என்பது வழக்கமான அறிவுரை. இதில் ஒரு நுட்பம் உண்டு. விண்டோஸ் 8 முதல், 'ஷட் டவுன்' கொடுக்கும்போது இயங்குதளத்தின் மையப் பகுதி வன்தட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அதுவே மீட்கப்படுகிறது. பழைய குழப்பமும் அதோடு திரும்பக்கூடும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

பிறகும் மெதுவாகவே இருந்தால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளை அழுத்துங்கள். எந்த மென்பொருள் நினைவகத்தை விழுங்குகிறது, வன்தட்டு முழுநேரமும் உழைக்கிறதா என்பதெல்லாம் அங்கே தெரியும். வன்தட்டில் பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கவேண்டும். புதுப்பிப்புக்குப் பிறகு கணினி தொடங்கவில்லையென்றால் 'சேஃப் மோட்' முறையில் திறந்து பாருங்கள். அம்முறையில் ஒழுங்காக இயங்கினால் வன்பொருள் பெரும்பாலும் நலமே. அண்மையில் சேர்த்த மென்பொருளை நீக்கினால் போதும். எதைச் செய்வதற்கு முன்பும் சான்றிதழ்களையும் படங்களையும் வேறோர் இடத்தில் படியெடுத்துக்கொள்வது நலம்.

தமிழகத்தில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த கருவிகள் பல வீடுகளில் இன்றும் பயனில் உள்ளன. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதில் பதிவுசெய்வோருக்குப் பாதுகாப்பு நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு பழைய கருவிகள் பலவற்றில் இல்லை. அதனால் அவற்றைக் குப்பையில் போடவேண்டியதில்லை. லினக்ஸ் வழி இயங்குதளங்கள் இலவசம்; சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளம் தமிழிலும் இயங்கும். விண்ணப்பம் அனுப்பவும் பாடம் படிக்கவும் அது போதுமானது.

தமிழ் உடைந்து தெரிவது ஏன்?

நம்மவர்க்கே உரிய காட்சிக் கோளாறு ஒன்றுண்டு. பழைய கோப்பைத் திறந்தால் தமிழுக்கு மாறாக ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக ஏதோ தெரியும். வைரஸ் புகுந்துவிட்டது என்று அஞ்சுவோர் உண்டு. உண்மை வேறு. ஒருங்குறி பரவுவதற்கு முன்பு ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டைக் கொண்டிருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் 'தாம்', 'தாப்' என்னும் தரங்கள் வந்தன. 2010இல் ஒருங்குறியையும் அனைத்து எழுத்துருத் தரமான டேஸ்16ஐயும் தமிழக அரசு ஏற்றது. அதற்கு முந்தைய கோப்பில் எழுத்தின் வடிவம் எழுத்துருவில்தான் இருக்கிறது. அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் வடிவம் தெரியாது.

கோப்பு எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்று பார்த்து அதை நிறுவலாம். அல்லது இலவச மாற்றிகள் மூலம் ஒருங்குறிக்கு மாற்றலாம். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கதை வேறு: கோப்பு சரியாக இருக்கிறது, தமிழ் எழுத்துருதான் இல்லை. கொம்பும் காலும் இடம் மாறி, புள்ளிவட்டங்களோடு தெரிந்தால் அந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை என்று பொருள். வேறு மென்பொருளில் திறந்தால் சரியாகும். பழைய மனுக்களையும் ரசீதுகளையும் படிக்கமுடியவில்லை என்று அழித்துவிடாதீர்கள்.

கைவைக்கக்கூடாத இடங்கள்

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. மின்வழங்கிப் பெட்டியைத் திறக்கக்கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். மடிக்கணினியின் மின்கலம் உப்பியிருந்தால் அதைக் குத்துவதோ அழுத்துவதோ கூடாது. கருகிய வாசனை வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கவேண்டும். 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என இக்கரை கண்ட புயல்களின்போது நீர் புகுந்த வீடுகளை நினைத்துப்பாருங்கள். நனைந்த கணினியை 'ஓடுகிறதா' என்று போட்டுப்பார்ப்பதே அதைக் கொல்லும். அணைத்த நிலையிலேயே பழுதுநீக்குபவரிடம் கொடுத்துவிடவேண்டும்.

மற்றோர் எச்சரிக்கை. திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, 'உங்கள் கணினி முடக்கப்பட்டது; இந்த எண்ணை அழையுங்கள்' என்று அறிவிப்பு வந்தால் அது மோசடி. எந்த நிறுவனமும் அப்படி அழைக்கச் சொல்வதில்லை. ஆல்ட், எஃப்4 விசைகளால் உலாவியை மூடிவிடுங்கள். அழைத்தவருக்குத் தொலைவிலிருந்து இயக்கும் அனுமதியைத் தந்து பணத்தை இழந்தவர்கள், தாமதிக்காமல் அழைக்கவேண்டிய தேசிய உதவி எண் 1930. உப்புக் கரையில் வாழ்பவர்களுக்கு இதை நினைவில் வைப்பது எளிது. தண்டியிலும் வேதாரண்யத்திலும் உப்புச் சத்தியாகிரகம் நடந்த ஆண்டு அது.

பழுதறிவும் கல்வியே

அந்த மாணவி, கடைசி நாளுக்கு முந்தைய இரவு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். அழிப்பானும் மின்கலமும் மட்டுமே செலவு. ஆனால், எனக்குள் ஒரு குற்ற உணர்வு தங்கிவிட்டது. மின்கடத்தலையும் அரிமானத்தையும் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவன் நான். வகுப்பறைக்கு வெளியே, என் மாணவியின் வீட்டில், அதே அரிமானம் அவளுடைய படிப்பை நிறுத்தப் பார்த்தபோது, அது அவளுக்கும் தெரியவில்லை, அவள் தாய்க்கும் தெரியவில்லை. தேர்வுக்குரிய விடையாக மட்டுமே அதை நான் கொடுத்திருந்தேன்.

20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினிக் கருவிகள் வழங்கப்படும் என்று 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. வரவேற்கத்தக்க முயற்சி. கருவியோடு தமிழில் ஒரு பழுதறிவுக் கையேடும் சேர்ந்து வரவேண்டும். பள்ளி ஆய்வகங்களில் ஆண்டுக்கு ஒரு நாளேனும் பழைய கணினியைத் திறந்து, பாகங்களைக் கழற்றி மாட்டிப் பார்க்க மாணவர்களை அனுமதிக்கவேண்டும். கடலோர ஊர்களின் நூலகங்களில் மாதம் ஒரு முறை பழுதுபார்ப்பு முகாம் நடத்தலாம். நம் ஊரிலேயே இருக்கும் பழுதுநீக்குநர்களையே ஊதியம் தந்து பயிற்றுநர்களாக்கலாம். அவர்களுக்கும் அது வருவாய். பழுதுநீக்கும் உரிமைக்காக ஒன்றிய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. அந்த உரிமையைப் பயன்படுத்தும் அறிவும் மக்களைச் சென்றடைந்தால்தான் அதற்குப் பொருள்.

சில நாள் கழித்து அந்தத் தாய் மீண்டும் வந்தார். கையில் ஒரு பை கல்லுப்பு. "பக்கத்து வீட்லயும் படம் வரலன்னாங்க சார். பாப்பாவே தொறந்து தொடச்சு மாட்டிட்டா" என்றார். நான் ஆண்டுக்கணக்கில் நடத்திய பாடம் அன்றுதான் முடிந்தது போலிருந்தது.